முதல் வரிசையில் நெய்னார்

நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள் ஸுஹைரா. கிணற்றடியில் குந்தியிருந்து மீன் வெட்டிய அவளுடைய கணவர் நெய்னார், சட்டியோடு எழும்பினார். எழும்பியவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். மீன் மணலில் கொட்டியது.

"என்னைக் கூப்பிட்டுட்டு எழும்பினா என்ன? வந்து பிடிப்பேன்தானே."

"பிடிச்சுக் கட்ட நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியவர். ஆலங்குடாவில் கரைவலை இழுத்தார். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார். சண்டை முடிந்தபின் ஊரைப் போய்ப் பார்த்தவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் வளர்ந்த பற்றைக்காட்டைப் பற்றியே கதைத்தார்கள். அவர் போகவில்லை. இங்கே அவருக்கென்று நிலைத்தது ஒன்றுதான்: பள்ளிவாசலில் முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் ஓர் இடம். அகதி என்று ஒதுக்கிப் பார்த்தவர்கள்கூட அந்த இடத்தை அவருக்கென்று விட்டுவைத்தார்கள்.

நோன்புக்கு முந்திய கிழமை புத்தளத்தில் கிளினிக். ஸுஹைராவும் கூடப் போனாள். பிரஷருக்குக் குளிசை குடிக்கத் தொடங்கியதிலிருந்துதான் தலைச்சுத்து என்று முறையிட்டார். இளம் பெண்ணான டொக்டர் பிள்ளை தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதில இருக்கிற நரம்புதான் ரத்தம் என்ன அழுத்தத்தில ஓடுதெண்டு மூளைக்குச் சொல்றது. நீங்க எழும்பினா ரத்தம் காலுக்கு இறங்கும். நரம்பு உடனே சொல்லும். இதயம் வேகமா அடிக்கும், குழாய் இறுகும். உங்களுக்குக் கன வருஷமா பிரஷர். நரம்பு அந்தக் கூடின அழுத்தத்தையே சரியெண்டு பழகிட்டுது. குழாயும் தடிச்சிட்டு. அதால எழும்பக்க சொல்றதுக்குப் பிந்துது, குளிசையும் அழுத்தத்தை இறக்கத் தலை சுத்துது."

"எப்ப பழையபடி வரும் மகள்?"

"முழுசா வராது ஐயா. குளிசையைக் குறைச்சுத் தாறேன், விடவேணாம். மெல்ல எழும்புங்க. தொழக்க கதிரையில இருங்க."

பள்ளியில் கதிரைகள் கடைசி வரிசைக்கும் பின்னால்தான். நோன்பு மாதத்தின் முதல் தறாவீஹ் இரவுத் தொழுகையன்று அங்கே போய் உட்கார்ந்தார். தொழுகை முடிந்ததும் பக்கத்துவீட்டு ஜபார் குனிந்து கைகொடுத்தான்.

"என்ன நெய்னார் காக்கா, புது மாப்பிள்ளை மாதிரி கதிரையில?"

எல்லாரும் சிரித்தார்கள். நெய்னாரும் சிரித்தார். முதல் வரிசையில், அவருடைய இடத்தில், யாரோ ஓர் இளந்தாரி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து, விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஸுஹைரா கொடுத்த குளிசையை நாக்குக்குக் கீழே ஒதுக்கி, முகம் கழுவும்போது துப்பினார். நாலைந்து நாளில் தலைச்சுத்து குறைந்தது. முதல் வரிசைக்கே திரும்பி, நெற்றி தரையில் பட்ட சுஜூதிலிருந்து நேரே எழும்பி நின்றார். உடம்பு இலேசாகிவிட்டதென்று மனைவிக்கும் சொன்னார். அவளும் சந்தோசப்பட்டாள்.

பாதி நோன்பில் மறுபடி கிளினிக். பிரஷர் முன்னைவிட மேலே. ரத்தப் பரிசோதனையில், கன வருஷப் பிரஷரால் சிறுநீரகம் பாதி பழுது. குளிசை குடிக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டாள். "ஓம்" என்றார். அந்த "ஓம்" வந்த விதத்திலேயே ஸுஹைராவுக்கு எல்லாம் விளங்கிற்று.

நோன்பு திறந்தபின் அறைக்குள் தண்ணீரும் குளிசையுமாக வந்து நின்றாள்.

"குடிங்க. என் கண்ணுக்கு முன்னால."

"குளிசை இல்லாட்டி எனக்கு ஒண்டுமில்ல ஸுஹைரா. நல்லா நிக்கிறேன்."

"நரம்பு கெட்டதையே சரியெண்டு பழகிட்டுதெண்டு அந்தப் பிள்ளை சொன்னாதானே. நீங்களும் அதைப்போலத்தான். சுகமில்லாத வருத்தக்காரன் கதிரையில இருந்து தொழலாமெண்டு மார்க்கத்தில இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒரு மாசம் பின்னுக்குப் போனா அந்த இடம் போயிரும். பிறகு கேட்டு வாங்க ஏலாது."

இஷா இரவுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் சேட்டின் மேல் பொத்தானைப் போட்டார்.

"நீங்க விழுந்து படுத்தா, நான் ஆரிட்டப் போய் நிக்கிறது?" என்றாள் ஸுஹைரா. "சொல்லிட்டுப் போங்க."

நெய்னார் குளிசையை வாங்காமல், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். தொழுகைக்காகக் கைகால் கழுவியெடுத்த ஒளு முறியாதபடி அவளைத் தொடாமல், கதவோரமாக விலகி, அறையை விட்டு வெளியே போனார்.