கமுக்கம் அறிமுகமான நாள்

நாமகிரிப்பேட்டை அறிவுச்செல்வி, கோழிப்பண்ணை வேலைக்கு நடுவே மூன்று வருடம் பாடுபட்டு ஒரு கணினி மொழியை உருவாக்கியிருந்தாள். பெயர் கமுக்கம். ரகசியத்தை வெளியே விடாமலே, சொல்வது உண்மை என்று நிரூபிக்கும் நிரல்களை அதில் எழுதலாம்.

பண்ணையாளர் கூட்டத்தில் அதை அறிமுகம் செய்தாள். ஆய்வகம் ஒப்பமிட்ட தன் தீவனக் கலவைப் பட்டியலை உள்ளே கொடுத்தாள். பட்டியல் வெளியே தெரியவில்லை. தடை செய்த மருந்து எதுவும் அதில் இல்லை என்பதற்குத் திரையில் பச்சையாய் ‘மெய்’ என்று மட்டும் வந்தது.

"கலவையில என்னென்ன போட்டிருக்கீங்கன்னு காட்டு சாமி," என்றார் தலைவர்.

"காட்டாம நிரூபிக்கத்தானுங்க இந்த மொழியே!"

"பாக்காம நம்பறதுக்கு நாங்க என்ன கேனயனுங்களா?"

கூடமே சிரித்தது. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதைத் தாங்காமல் கணவன் சிவபிரகாஷ் எழுந்தான்.

"எம் பொண்டாட்டி பொய் சொல்லமாட்டா! எழுதிக்குங்க!"

அவன் அப்பா காலத்திலிருந்து எவருக்கும் சொல்லாத கலவையை, மக்காச்சோளத்தில் தொடங்கிக் கடைசிக் கிராம் வரை ஒப்பித்தான்.

"ஐயோ, ஏனுங்க!" என்று அவள் கதறியது யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப நம்பறோம் சாமி," என்றார் தலைவர் கனிவாக.

சிவபிரகாஷ் பெருமையோடு அவளைப் பார்த்தான். பச்சையாய் எரிந்துகொண்டிருந்த ‘மெய்’யின் மேல் அவள் மடிக்கணினியை மூடினாள்.