விலாங்கோடு தமிழ் பேசிய ஃபிட்டர் கோபால்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பிவிட்ட ராஜபாளையம் பஸ்ஸை எனக்காகவே நிறுத்தி, கண்டக்டர் சொன்னார்: "அண்ணாச்சி, உங்க ஜப்பான் கூட்டாளி ஃபிட்டர் கோபால்சாமி காலையில தவறிட்டாவ."

மில்லில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில் புது மிஷின் பழக ஜப்பானுக்குப் போனது நாங்கள் இரண்டு பேர்தான். நான் எட்டாம் வகுப்புதான். ஆனாலும் ஒரே வாரத்தில் அந்தப் பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு. அவருக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் நேரே கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். அங்கே கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல் விலாங்கு. குளிர்ந்த கடலில் வாழும் மீன். பாம்பு மாதிரி உடம்பு, பக்கவாட்டில் தையல் போட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள். தொட்டிக்குள் கிடந்த குழாயில் உடம்பை நுழைத்துத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இவர் எதிரே உட்கார்ந்து கேட்பார்: "என்னலே, இன்னைக்கும் ஒங்கிட்ட யாரும் பேசலையா? எங்கிட்டயும்தான்."

"ஏலே, மீனுக்குக் காது ஏது?" என்றேன்.

"ஒனக்கு ரெண்டு இருக்கு. என்ன பிரயோசனம்?"

ஒன்றரை மாதம் இதைப் பார்த்த கடைக்காரர், இவர் அதைத் தின்ன ஆசைப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் தொட்டி காலி. எங்கள் முன்னால் இரண்டு கிண்ணம் சோறு, மேலே பொரித்த விலாங்கு. விருந்து என்று கையால் காட்டிவிட்டு, சிரித்த முகமாக நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். கோபால்சாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருலே. அந்த மனுசன் மொகத்தப் பாரு."

குச்சியை விட்டுக் கையாலேயே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். கடைக்காரர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம், இவர் என் கிண்ணத்தையும் இழுத்துத் தின்று தீர்த்தார். வெளியே வந்து கடலைப் பார்த்தபடி செத்த நேரம் நின்றார்.

ஊரில் நான் சொன்னது வேறு. இருபதடி விலாங்கை ஒற்றைக் கையால் பிடித்தேன், இரண்டு கிண்ணமும் நானே தின்றேன் என்று வன்னியம்பட்டி வரைக்கும் பரப்பியிருந்தேன். பக்கத்தில் இருந்தால் கோபால்சாமி சிரிக்காமல், "ஆமா, நல்லாத் தின்னான்" என்பார். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

அவர் தவறிய அன்று, அவர் வீட்டு வாசலில் யாரோ அந்த விலாங்குக் கதையைக் கேட்டார்கள். முதல் தடவையாக நடந்ததை நடந்தபடியே சொன்னேன். "போங்க அண்ணாச்சி, இதுதான் பெரிய புளுகு" என்று சிரித்தார்கள். உள்ளே பார்த்தேன். மாலைகளுக்குள் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

அவர் எனக்கு விட்டுப்போனது இந்த ஒரே ஒரு நிஜம். அதற்கு இனி என்னைத் தவிர சாட்சி இல்லை.