பளபளத்த நாற்பது கட்டைகள்

தச்சர் தன் மைத்துனனுக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு பாக்கி வைத்திருந்தார். மைத்துனன் மரக்கடைக்காரன், பலகை வாங்கிய கடன் அது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இழைப்பு மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உளி பிடித்தே மாடி வீடு கட்டிய மனுஷன் அவர். மிஷின் போனால் பிழைப்பும் போச்சு, மானமும் போச்சு.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெரு யோகா டீச்சர், ஆசனம் போடுகிறவர்கள் கை ஊன்றிக்கொள்ள, செங்கல் அளவில் நாற்பது மரக்கட்டை கேட்டார். ஒன்றுக்கு முந்நூறு. தச்சர் விடுவாரா? மிச்சம் மீதித் துண்டுகளையெல்லாம் அறுத்து இழைத்து, வாசல் கதவுக்குப் போடுகிற பாலிஷை மூன்று கை ஓட்டினார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு. விளிம்பு ஒவ்வொன்றும் கத்தி.

கொண்டுபோய் இறக்கியதும் டீச்சர் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, அழகா இருக்கு. ஆனா உதவாது."

"என் கை வேலை உதவாதா? இந்த ஊர்ல பாதிக் கதவு நான் மாட்டினது, தங்கச்சி! கட்டையே உடம்பு வளையாதவங்க பண்ற ஏமாத்து வேலை. அதுல என்ன நொட்டை?"

"சரி, நீங்க குனிஞ்சு தரையைத் தொடுங்க."

குனிந்தார். விரல் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் போய் நின்றுவிட்டது. முதுகு வில்லானது, மூச்சு முட்டியது. டீச்சர் இரண்டு கட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். அவற்றில் கை ஊன்றியதும் முதுகு தானாக நீண்டது. முப்பது வருஷ முதுகுவலிக்குக் காற்றோட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

"இப்ப பாரத்தைக் கொடுங்க."

கொடுத்தார். கை வழுக்கியது. விளிம்பு உள்ளங்கையைக் கீறியது. ஆள் விரிப்பில் பொத்தென்று விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார். "அட, மேசை ஆடினா கால் அடியில சக்கைத் துண்டு கொடுக்குற வேலைதானா இது! எவ்வளவு எட்டலையோ, அந்த உயரத்துக்குக் கட்டையைத் திருப்பி வைக்கணும்."

"அதேதான். உடம்பு இளக இளக, நெட்டையைப் படுக்கப் போடணும். அப்புறம் கட்டையே வேண்டாம்."

மாதக் கடைசிக்கு இரண்டே நாள். வீட்டில் அவரும் மனைவியும் உப்புத்தாளோடு உட்கார்ந்தார்கள்.

"இதையா மூணு நாளா தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கினீங்க? இப்ப மினுக்கை எடுக்க நான் வேணுமாக்கும்!"

"வாயைக் குறைச்சுக் கையை ஓட்டுடி."

மெருகு போனது; விளிம்புகள் உருண்டன. டீச்சர் நாற்பதையும் ஊன்றிப் பார்த்து, ஒன்றைக்கூடத் தள்ளாமல் பன்னிரண்டாயிரம் கொடுத்தார். இந்த வேலையை இரண்டு நாளில் முடிக்கத் தச்சரை விட்டால் எவன் இருக்கிறான்?

அங்கிருந்து நேராக மரக்கடை.

"என்ன மாமா, மிஷினை ஏத்த வண்டி அனுப்பட்டுமா?"

"வண்டி கிடக்கட்டும். கையை நீட்டுடா மாப்ளே. மிஷின் தூக்கத்தான் ரெண்டு கை வேணும், இதுக்கு ஒரு கை போதும்."

மைத்துனன் இளித்துக்கொண்டே நீட்டினான். கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, பதினோராயிரத்து ஐந்நூறையும் நோட்டு நோட்டாக எண்ணி, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தார் தச்சர்.