நந்தியாவட்டை நின்ற இடம்

போன வாரம் எங்கள் வைட்ஃபீல்ட் அப்பார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு புழுவின் படத்தைப் போட்டிருந்தார். விரல் தடிமன், இலைப் பச்சை, கழுத்தருகே இரண்டு நீலக் கண்கள். நீச்சல் குளத்தை ஒட்டிய நந்தியாவட்டை வேலியில் கண்டெடுத்ததாம். விஷமா, குழந்தைகளைக் கடிக்குமா என்று ஆளாளுக்குக் கேட்க, சாயங்காலமே மருந்தடிக்க ஆள் வந்துவிட்டது. அந்த வாடை பால்கனி வழியாக உள்ளே வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

அந்தப் புழுவை எனக்கு நன்றாகத் தெரியும். கண்கள் என்று நாம் நினைப்பது கண்களே இல்லை, மிரட்டுவதற்கான வெறும் புள்ளிகள். கடிக்க அதற்குத் தெரியாது. முதன்முதலில் அதைப் பார்த்தது என் தம்பியின் கல்லறை மேல்.

தம்பி ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போனான். அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். அப்பா ஏற்கெனவே இல்லை. அம்மா ஒரு கான்வென்ட்டில் ஆயா. கல் வைக்க வழியில்லாததால் மண்மேட்டின் தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைக் கொம்பை நட்டுவிட்டு வந்தாள். அது பிடித்துக்கொண்டது.

மிகப் பழைய கல்லறைத் தோட்டம் அது. முன்பக்கம் முழுக்க வெள்ளைக்கார சிப்பாய்களும், இந்த ஊர்க் காய்ச்சலைத் தாங்காமல் போன அவர்களுடைய பிள்ளைகளும். அந்தக் கற்களில் பெயர் தெரியாதபடி பாசி. பிளந்துபோன ஒரு கல்லறைக்குள் கூகைக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. பகலில் எட்டிப் பார்த்தால் வெள்ளை முகத்தைச் சாய்த்து, என்ன வேண்டும் என்பதுபோல் பார்க்கும். நான் ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்த்ததில்லை. கீரிகள் எங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போகும். மழை விட்ட பிறகு தூங்குமூஞ்சி மரத்தடியில் மக்கிய இலையின் வாசனை வரும், பாருங்கள், இப்போது கண்ணை மூடினாலும் அது வருகிறது.

பின்பக்கம் எங்களைப் போன்றவர்கள். கல் வைக்காதவர்களுக்கெல்லாம் செடிதான் அடையாளம். அதனால் ஒருவரையொருவர் செடியின் பெயரால்தான் தெரியும். அரளிக்காரர், சீத்தாப்பழக்காரர். புருஷனின் தலைமாட்டில் செம்பருத்தி வைத்திருந்தவர் செம்பருத்தியம்மா. எங்கள் அம்மா நந்தியாவட்டையம்மா. சொந்தப் பெயர்களை யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டில் காலிஃபிளவரில் ஒரு புழு தென்பட்டால் பூவையே தூக்கி எறிகிறவள் அம்மா. கல்லறையிலோ, நந்தியாவட்டையின் ஒரு கிளையையே மொட்டையாக்கிவிட்ட பச்சைப் புழுக்களைத் தட்டிவிட நான் குச்சியை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடுடா. துன்னட்டும். அவனுக்கும் பேச்சுத்துணைக்கு எதுனா வேணும்ல.”

பிறகு எனக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கழுத்தில் டை கட்டினால் மூச்சு முட்டினாலும் மரியாதை வரும் என்று நம்பிய வயசு. தம்பிக்குக் கிரானைட் கல் வைக்கலாம் என்றேன். அம்மா யோசிக்கவேயில்லை.

“கல்லு வெச்சா அது மேல எது வந்து உக்காரும்? வேணாம் உடு.”

ஒரு அடக்கத்தின்போது சாரைப்பாம்பு ஒன்று கூட்டத்துக்கு நடுவே ஓட, ஜனங்கள் சிதறியதில் ஒரு பெரியவர் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். யாரையும் கடிக்காத அந்தப் பாம்பை அங்கேயே அடித்துப் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். கல்லறைத் தோட்டத்துக் கமிட்டி கூடி, புதரையெல்லாம் எடுத்து இடத்தைச் சுத்தம் செய்வதென்று முடிவெடுத்தது. கற்கள் இருந்த முன்பக்கத்தில் ஆட்களை வைத்துக் கையால் வெட்டினார்கள். பின்பக்கத்துக்கு ஜேசிபி. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செடிக்காரர்களின் விலாசம் யாரிடம் இருந்தது?

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடும் சாமந்தியோடும் போனோம். உள்ளே நுழைந்ததும் வழி தவறிவிட்டோமோ என்றிருந்தது. சுவர்வரைக்கும் சமமாக, சிவப்பாக, வெறும் மண். வண்டிச் சக்கரத்தின் தடம் அதன்மேல் வரிவரியாக ஓடியது. கையில் பூவோடு ஜனங்கள் அதில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்கள், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி. செம்பருத்தியம்மா அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“அக்கா, உங்க புள்ளைக்கு அந்தாண்டதானே எங்க வூட்டுக்காரரு? உங்களுது எங்க, காட்டுங்க. நான் பாத்துக்கறேன்.”

அம்மா சுவர்ப்பக்கமாக நடந்தாள். நான் கமிட்டிச் செயலாளரைத் தேடிப் பிடித்தேன். கெட்டவர் இல்லை. வேர்த்துக் களைத்து, காலையிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“கல்லு இருந்தா காட்டிடுவேன் சார். செடிய வெச்சு நான் எப்படிக் காட்றது? பாம்பு வருதுன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணதும் நம்ம ஜனங்கதானே.”

“தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“தோண்டல சார். லெவல்தான் பண்ணோம்.”

திரும்பி வந்தபோது அம்மா சுவரோரம் குவித்திருந்த செடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரளி, செம்பருத்தி, உண்ணிச்செடி எல்லாம் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன. நந்தியாவட்டை அதற்குள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மெழுகுவத்திகளைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தோம். வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினாள். “அவன் மேலயே வண்டி ஓட்டினாங்களாடா?” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கே போகவேயில்லை. நான் மட்டும் வருஷத்துக்கொரு முறை போவேன். மண்ணை மூடிச் சிமென்ட் பாதை வந்தது, கல்லறைகள் மேல் டைல்ஸ் வந்தது. பிளந்திருந்த வெள்ளைக்காரக் கல்லறையைப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லிப் பூசி அடைத்துவிட்டார்கள். கூகைகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. இப்போது அங்கே அசைவது செக்யூரிட்டியின் மேசைவிசிறி ஒன்றுதான்.

அம்மா போன வருஷம் இறந்தாள். கடைசி நாட்களில் அவள் கேட்டது ஒன்றுதான். “என்னை அவன் பக்கத்துல வெச்சிடு.” சரி என்றேன். வேறென்ன சொல்வது?

பின்பக்கத்தில் கமிட்டி ஒதுக்கிய இடத்தில் அவளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆழம் போகப் போக, வெளியே வந்து விழுந்த மண்ணை நான் காலால் கிளறிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாண்ணா தேடுறீங்க?”

“எலும்பு எதுனா வந்துச்சா?”

“இல்லண்ணா, பயப்படாதீங்க. புது மண்ணு. இங்க யாரையும் பொதைக்கல.”

எனக்கு நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு அவர் மறுபடி குனிந்தார்.