நாலு பக்கமும் பொங்கிய பால்

ரயில் நின்றுவிட்டது. நிற்கிற இடமா அது? ஹப்புத்தளை தாண்டி, இந்தப் பக்கம் மண்மேடு, அந்தப் பக்கம் பனிமூட்டம். தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறதாம். "இப்ப சரியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போன கார்ட் அப்புறம் தலை காட்டவே இல்லை.

வேறு நாளாக இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்று ரசித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. பக்கத்தில் என் மனைவி செல்வி... மடியில் புதுப் பால் சட்டியோடு!

விஷயம் இதுதான். மடுல்சீமைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமியாருக்குக் கண்ணில் புரை. பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கண்ணில் கட்டோடு அந்த ரோட்டில் போய் வர முடியுமா? அதனால் நாங்கள் கொழும்பிலிருந்து வந்து அவரோடு தங்க, பதுளை டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே சின்ன ஃபிளாட் ஒன்றை மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தோம்.

மாமியார் ஏற்கெனவே சாக்குச் சொல்லி ஆபரேஷனைத் தட்டிக் கழித்தவர். இந்த முறை பெரிய மனது பண்ணி, ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள பால் பொங்கியிருக்கணும். பால் பொங்காத வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன், ஆமா!"

மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ரயிலோ அசைவதாக இல்லை.

"மூணு மாச வாடகை வீட்டுக்கெல்லாம் பாலா?" என்று கேட்டுவிட்டேன். தேவையா எனக்கு? செல்வி பார்த்த பார்வையில் சட்டியில் பால் இருந்திருந்தால் அங்கேயே பொங்கியிருக்கும்.

"அம்மா பஸ் ஏறிட்டாங்களாம். பால் காய்ச்சலன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிடுவாங்க. அப்புறம் எந்தக் காலத்துலங்க ஆபரேஷன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"ராத்தாவக் காய்ச்சச் சொன்னா என்ன?" என்றேன். ஃபிளாட்டை வாடகைக்குக் கொடுத்த முஸ்லிம் அம்மாவை 'ராத்தா', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கீழே துணிக்கடை அவருடையதுதான். சாவியும் அவரிடம்தான்.

"தொழுகை, நோன்புன்னு இருக்கிறவங்க. நம்ம சமாச்சாரத்தப் போயி அவங்ககிட்ட எப்புடிங்க கேக்குறது?"

கடைசியில், வரத் தாமதமாகும் என்று சொல்ல மட்டும் போன் போட்டாள். "ராத்தா, ட்ரெயின் நின்னுருச்சு... பன்னெண்டுக்குள்ள பால் பொங்கணும்னு அம்மா..." அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது.

நாங்கள் பதுளை போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். படியேறும்போதே தீய்ந்த பால் வாசனை. கதவு திறந்திருக்கிறது. உள்ளே பார்த்தால் — மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறார்! பக்கத்தில் ராத்தா. அடுப்பு மேடை முழுக்கப் பால்.

"குறை நெனைக்க வாணாம் தங்கச்சி," என்றார் ராத்தா. "கிழக்கால பொங்கோணுமா, வடக்காலயாண்டு கேக்க எத்தனையோ தரம் போன்ல கோல் எடுத்தன். கிடைக்கல்ல. அதான் நாலு பக்கமும் பொங்க விட்டுட்டன்."

செல்வியின் முகம் வெளிறிவிட்டது. அம்மா என்ன சொல்லப் போகிறாரோ?

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் இத்தன வருசமா கெழக்குப் பக்கம் மட்டுந்தான் பொங்க விட்டேன். என்னா பெருசா வந்துருச்சு? ஆபரேசன் முடியிற வரைக்கும் யாரும் அதத் தொடைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சம்பிரதாயம் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதில் பாதி, நமக்காக யாராவது மெனக்கெடுகிறார்களா என்று பார்க்கத்தானோ என்னவோ? ராத்தாவை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மாமியார் முதல் வேலையாக அடுப்படிக்குப் போனார். நன்றாகப் பார்த்தார்.

"ஏண்டி செல்வி, அடுப்ப இப்புடியா போட்டு வச்சிருப்ப? தொடைக்க மாட்டியா?"