உப்புக் குவியலுக்கு எத்தனை சதுர மீட்டர் தார்ப்பாய்?

சென்ற மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு சண்டை. காரணம் — ஒரு கூம்பு!

ஐஸ்கிரீம் கூம்பு இல்லை. கணக்குப் புத்தகத்தில் வரும் கூம்பு. ஆரம் நான்கு மீட்டர், உயரம் மூன்று மீட்டர். சண்டை போட்டவர்களில் ஒருத்தி நான். இன்னொருத்தி ஆரோக்கியமேரி.

என் கணக்குப் பைத்தியம் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பஸ் டிக்கெட் கைக்கு வந்தால் அதன் நம்பர் மூன்றால் வகுபடுமா என்று பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. மரக்காணத்துக்குக் குடிவந்த புதிதிலேயே இந்த வியாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் மேரி என்னைத் தேடி வந்தாள்.

மேரிக்கு முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக அலுவலக உதவியாளர். மணி அடிப்பாள், சர்க்குலர் கொண்டுபோவாள், ஜெராக்ஸ் எடுப்பாள். அந்தப் பள்ளியின் கணக்குப் பயிற்சித் தாள் அத்தனையும் அவள் கையால் ஜெராக்ஸ் ஆனவை. கேள்விகள் அவளுக்கு அத்துப்படி. விடைகள்தான் இன்னும் அறிமுகமாகவில்லை.

இப்போது அந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை... பத்தாம் வகுப்பு பாஸ். மேரியோ படிக்கிற காலத்தில் மற்றதில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள். துணைத்தேர்வில் இதைத் தாண்டினால் வேலை அவளுடையது. இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து அந்த மணியை அடிப்பார்கள். மேரி பழையபடி உப்பளத்துக்குத்தான் போக வேண்டும். வெயில் காலத்து உப்பளம் எப்படி இருக்கும் என்று கண்கூசாமல் சொல்லிவிட முடியாது.

"நீ பாஸ். அதை என்கிட்ட விட்டுடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். நமக்குத் தன்னம்பிக்கைக்கு எப்போது பஞ்சம் வந்தது?

ஆனால் மேரியிடம் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும், சூத்திரம் மனப்பாடமாக வரும். கேள்விக்குள் மனுஷன் யாராவது வந்துவிட்டால் மட்டும் தகராறு.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒருவர் நிற்கிறார். கடலில் ஒரு படகு. இறக்கக் கோணம் முப்பது டிகிரி. படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்த உச்சி மனிதரை நமக்கெல்லாம் தெரியும். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது — இந்த மூன்று கோணத்தைத் தவிர வேறு கோணத்தில் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. மேரி கேட்டாள்: "இவரு கோணம் பாத்து முடிக்கற வரைக்கும் படகு அங்கயே நிக்குமாக்கா?"

ஃபார்முலா பயம் தெளியட்டும் என்று நடுநடுவே இயற்பியல் கணக்கும் கொடுப்பேன். ஐம்பது கிலோ மூட்டையை நூறு நியூட்டன் விசையால் தரையில் தள்ளினால் முடுக்கம் என்ன? உராய்வைப் புறக்கணிக்க.

"ஐம்பது கிலோ மூட்டைய யாருக்கா தள்ளுவாங்க? தலைக்குத் தூக்கி விடுவாங்க."

"இந்தக் கேள்வியில தள்றாங்க, மேரி."

"சரி, தள்ளட்டும். உராய்வ எப்படிக்கா புறக்கணிக்கறது? உப்புப் பாத்தி வரப்புல செருப்பில்லாம நடந்து பாருங்க."

இதையெல்லாம் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ரசித்துக்கொண்டே திருத்தினேன். ஒன்றரை மாதத்தில் மேரி மூட்டையையும் தள்ளினாள், படகையும் நிறுத்தினாள். பள்ளி கிளார்க் ஒருவர், "இந்த வயசுல எதுக்கும்மா பரிட்சை?" என்று தினம் ஒரு முறை கேட்பாராம். "என்ன பதில் சொன்னே?" என்றேன். "உராய்வு தானேக்கா... புறக்கணிச்சிட்டேன்" என்றாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கூம்பு வந்தது.

பள்ளியின் கணக்கு வாத்தியார் நல்ல மனிதர், உற்சாகமானவர். பிள்ளைகளின் வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்று ஏதோ பயிற்சி முகாமில் கேட்டு வந்திருக்கிறார். உடனே புத்தகத்துக் கேள்வியை எடுத்து ஊர்ச் சட்டை போட்டுவிட்டார். 'ஓர் உப்புக் குவியல் கூம்பு வடிவில் உள்ளது. அதன் ஆரம் 4 மீ, உயரம் 3 மீ. அதை மூடத் தேவையான தார்ப்பாயின் பரப்பு என்ன?'

சுலபம். சாயுயரம் ஐந்து. பை, ஆரம், சாயுயரம் மூன்றையும் பெருக்கினால் 62.86 சதுர மீட்டர். மேரி எழுதியிருந்தது 75.43.

எங்கே இடித்தது என்று பார்த்தேன். சாயுயரம் சரி. பெருக்கல் சரி. 62.86 வந்திருக்கிறது. அதற்குக் கீழே குவியலின் சுற்றளவைக் கண்டுபிடித்து, சுற்றிலும் அரை மீட்டர் அகலத்துக்குத் தார்ப்பாயைக் கூட்டியிருக்கிறாள்! கேள்வியில் இல்லாத அரை மீட்டர். யாரும் கேட்காத அரை மீட்டர்.

அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது எதுக்கு?" என்றேன்.

"தரையில மடிச்சு விடணும்க்கா. மேல மண்ணு போட்டு அழுத்தணும். இல்லன்னா மழையில அடி கரைஞ்சிடும்."

"புத்தகத்துல மழை பெய்யாது, மேரி."

"உப்புன்னு போட்டிருக்குதே?"

"போட்டா? கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது. பரிட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்பவும் கேள்விகிட்ட வம்பு பண்ணிட்டிருந்தா எப்படி?"

அதே கணக்கை மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். மறுபடியும் 75.43! வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. மேரி பேனாவை மூடினாள். தாளை மடித்தாள்.

"எனக்கு இது வராதுக்கா. விட்டுடுங்க" என்று கிளம்பிப் போய்விட்டாள்.

இத்தனை நாளில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. கோணம் வராதபோது சொல்லவில்லை. இயற்கணிதம் உயிரை எடுத்தபோது சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்த உப்பில் வந்து ஏன் சொல்ல வேண்டும்?

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வீடு திரும்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டு நேரே போய்விட்டேன். மேரி வாசலில் நாற்காலி போட்டாள். காபி வந்தது. இரண்டு பேரும் கூம்பைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பேசினோம். கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

அவள் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம் அவள் அப்பா முதல் முறையாகச் சொந்தமாகக் குத்தகைக்கு உப்பளம் எடுத்திருக்கிறார். அதுவரை கூலிக்கு வாரியவர். விலை ஏறும் என்று அந்த வருட உப்பை விற்காமல் மேட்டில் குவித்து வைத்தார். மற்றவர்கள் கீற்று வேய்ந்தார்கள். இவர் புதுத் தார்ப்பாயே வாங்கினார். குவியலுக்குச் சரியாக, அளவெடுத்து வெட்டித் தைத்தது. தரையைத் தொட்டுக்கொண்டு அழகாக நின்றதாம்.

"ஐப்பசி மழை விடாம பேஞ்சுதுக்கா. தார்ப்பாய் மேல விழுந்த தண்ணி பூரா வழிஞ்சு அடிக்குத்தான் போயிருக்குது. மேல பாத்தா குவியல் அப்படியே இருந்துச்சு. மழை விட்டு அப்பா தார்ப்பாய எடுத்தாரு... பாதி உப்பு இல்ல."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கணக்குல ஃபெயில்னா என்ன, மறுபடி எழுதிக்கலாம்னு அப்பாதான் சொல்லிட்டிருந்தாரு. அதுக்கப்புறம் அவரும் சொல்லல, நானும் கேக்கல. அம்மாகூட வேலைக்குப் போயிட்டேன். இப்ப நீங்க அறுபத்திரண்டுன்னு எழுதச் சொல்றீங்க. தெரியாம இல்லக்கா. அத எழுதினா, அந்தத் தார்ப்பாய மறுபடி நானே வெட்டற மாதிரி இருக்குது."

புத்தகத்தில் மழை பெய்யாது என்று முந்தின நாள் எவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னேன்! யாருடைய மழையைப் பற்றி யாரிடம் சொல்லியிருக்கிறேன்...

ஆனால் ஒன்று. அழுதுவிட்டு, "நீ எழுதினதே சரி" என்று கட்டிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உருக்கமாக முடிந்திருக்கும். மேரி ஃபெயிலாகியிருப்பாள். விடைத்தாள் திருத்துகிறவருக்கு ஐப்பசி மழையைப் பற்றி யார் சொல்வது?

தெருக்கோடியில் உப்பு மேடு தெரிந்தது. கோடை மழைக்குப் பயந்து யாரோ ஒரு குவியலை மூடி வைத்திருந்தார்கள். ஓரத்தை மடித்து மண் போட்டிருந்தது.

"அந்தத் தார்ப்பாய வெட்டறதுக்கு முன்னாடி முதல்ல எதை அளந்திருப்பாங்க, மேரி?"

"குவியலத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் மடிக்கறதுக்குக் கூட்டிப்பாங்க."

"கேள்வி கேக்கறது அந்த முதல் அளவு. உங்கப்பா அதுல தப்பே பண்ணல. அந்தக் கணக்கு சுத்தம். ரெண்டாவது கணக்கு ஒண்ணு இருக்குதுன்னு அவருக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். புதுசா குத்தகைக்கு எடுத்தவரு, பாவம். பரிட்சையில முதல் கணக்கோட நிறுத்து. ரெண்டாவது, நீ வெளிய வந்து போடு."

மேரி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அப்பா போட்டது தப்பு இல்லயா?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தெரிந்தாள்.

"சத்தியமா இல்ல. பாதியில நின்ன சரியான கணக்கு."

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். இந்த 'புறக்கணிக்க' என்ற சொல்லை நாம் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்! உராய்வே இல்லை என்று இயற்பியல் எங்கே சொன்னது? காற்றே கிடையாது என்றா சொன்னது? இப்போதைக்கு ஓரமாக வை, முதல் வரியை முடித்துவிட்டு அதைக் கவனிப்போம் என்கிறது. நாமோ எல்லாவற்றையும் முதல் வரியிலேயே கூட்டுகிறவர்கள். காலையில் நடக்கப் போகலாம் என்று நினைத்தவுடன் தெருநாய், மூட்டுவலி, மழை, வழியில் பிடித்துக்கொள்ளும் சொந்தக்காரர் — நான்கையும் சேர்த்துப் பெருக்குகிறோம். விடை பெரிதாக வருகிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். சிலர் கல்யாணத்தைக்கூட இப்படிப் பெருக்கியே தள்ளிப்போடுகிறார்கள்.

அதற்காக இரண்டாவது கணக்கை மறந்துவிட்டால் உப்பு கரையும். அதுவும் உண்மைதான். எது முதல் வரி, எது இரண்டாம் வரி என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. சிரிக்காதீர்கள், இந்த விஷயத்தில் பாதி தாண்டினால் மீதி தன்னால் தாண்டிவிடும்!

அந்த வாரம் மேரி தினமும் வந்தாள். உப்பு, மணல், ஜல்லி என்று குவியல் குவியலாகக் கொடுத்தேன். முதலில் கை தயங்கியது. குவியலின் பரப்பை மட்டும் எழுதிவிட்டு ஒரு நிமிடம் அதையே பார்ப்பாள். பிறகு கட்டம் கட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில் பரிட்சை. முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸைப் பிடித்து நேரே இங்கே வந்துவிட்டாள். முகத்தில் வியர்வை, கையில் கேள்வித்தாள். வராந்தாவில் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் பார்த்தோம். நான் மார்க் போடுவதில் கஞ்சப் பிசினாறி. அப்படிப்பட்ட நானே தாராளமாகத் தேறிவிடுவாள் என்று சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வர இன்னும் நாளிருக்கிறது. எனக்கு அது வெறும் சம்பிரதாயம்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். திக்கென்றது. இருந்தது, கூம்பு! நெல் குவியலாம். மூடுவதற்குத் தார்ப்பாய் எவ்வளவு வேண்டுமாம்.

"இத என்ன பண்ணினே?"

"அச்சு அசலா எழுதினேன்க்கா. ஒரு விரற்கடை கூட கூட்டல."

"மனசு கேட்டுச்சா?"

மேரி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் கேக்காது? அது என்ன நம்ம உப்பா? நெல்லுன்னா பக்கத்து ஊரு பிரம்மதேசத்து வயக்காரங்களோடதா இருக்கும்... நனையாம பாத்துக்கறது அவங்க பாடு!"