புரட்டாசியில் வாங்கிய வஞ்சிரம்

கோயிலுக்குத் தனியாகப் போகலாம், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகலாம், சாராயக் கடைக்கும் போகலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கடலைப் பார்க்கத் தனியாகப் போகிறவனைத்தான் உலகம் ஒரு மாதிரி பார்க்கிறது. பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவு முருடேஸ்வர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் என்னையும் என் பக்கத்துக் காலி இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒப்ரேனா சார்?"

தனி ஆளா என்று கன்னடத்தில் கேட்கிறார். ஆமாம், ஒப்ரே என்றேன். இரண்டு சீட்டு இருக்கிறதே என்றார். இன்னொரு ஆள் வரவில்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஒரு கம்பளியை மட்டும் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

வராத அந்த இன்னொரு ஆள் என் மகள். பதினாறு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்கு ஒன்பது. அவர்கள் வைட்ஃபீல்டில் காவலாளி, லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நான் அடுகோடியில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்துகொண்டு தினமும் பீன்யாவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகள் என் வீட்டுக்கு வருவாள். நான் சமைத்ததைச் சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள். சாயங்காலம் அவள் அம்மா ஸ்கூட்டரில் வந்து கீழே நின்று ஹாரன் அடிப்பாள். மாடி ஏறி வந்ததில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, இப்போது எங்களுக்குள் ஹாரன் மட்டும்தான் பாக்கி. முதல் ஹாரனுக்கே மகள் எழுந்துவிடுவாள். பாதிச் சாப்பாட்டில்கூட எழுந்திருக்கிறாள்.

சின்னவளாக இருந்தபோது அவளை நான்தான் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன். மீன்குஞ்சு என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அதனால் கம்பெனியில் ஒருவர், முருடேஸ்வர் பக்கத்துத் தீவில் கடலாமையோடு நீந்தலாம் என்று வீடியோ காட்டியபோது எனக்கு வேறு யோசனையே இல்லை. அவள் அம்மாவிடம் அனுமதி வாங்குவதற்குப் பதில் சட்டசபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியிருக்கலாம். லாட்ஜ் எப்படி, பாத்ரூம் எப்படி, பஸ் எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு, "தண்ணியில எறங்கும்போது லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கதானே?" என்றாள்.

"அவளுக்கு எதுக்கு ஜாக்கெட்? அவ மீன்குஞ்சு," என்றேன்.

போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, கூட்டிட்டுப் போ," என்று வைத்துவிட்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பது புதன்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மகளிடமிருந்து செய்தி: "சாரிப்பா. கெமிஸ்ட்ரி டெஸ்ட் வெச்சுட்டாங்க. நீ உன் ஃப்ரெண்ட்ஸ் கூடப் போய்ட்டு வா."

எனக்கேது ஃப்ரெண்ட்ஸ்? ஷிஃப்ட் முடிந்தால் ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு திசை. பேசாமல் வீட்டில் படுத்திருக்கலாம்தான். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை முழுவதும் கடற்கரையில் திரிந்தேன். தனியாக நிற்கிற ஆளைக் கண்டால் எல்லாருக்கும் போட்டோ எடுக்கச் சொல்லத் தோன்றும் போலிருக்கிறது. "அண்ணா, ஒந்து போட்டோ" என்று ஒரு குடும்பம் போனை நீட்டியது. எடுத்துக் கொடுத்தேன். அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம். குழந்தை கண்ணை மூடிவிட்டது, இன்னொன்று எடுங்கள் என்றார்கள். அலை வரும்போது எடுங்கள், கோபுரம் தெரிகிற மாதிரி எடுங்கள் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்திருந்த பாதிக் குடும்பங்களை நான்தான் படம் பிடித்திருப்பேன். ஒருத்தராவது, நீங்களும் நில்லுங்கள், உங்களை ஒன்று எடுக்கிறோம் என்று சொல்லவேண்டுமே. ம்ஹூம். எங்கே போயின அத்தனை வாயும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ராத்திரி மீன் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். "ஒப்ரேனா?" என்றார். ஒப்ரே என்றதும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனார். அங்கே அஞ்சல் என்கிறார்கள், நம்முடைய வஞ்சிரம்தான். ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்த துண்டு, உள்ளே வெண்ணெய் மாதிரி மீன். அவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் தொல்லை. மோசமாக இருந்திருந்தால் கடைக்காரரைத் திட்டிவிட்டு எழுந்து வந்திருப்பேன். நன்றாக இருப்பதைச் சொல்ல எதிரில் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை படகு. தீவுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் வாந்தி எடுத்தார்கள். நான் கடலில் எடுத்தேன். தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டதும் வழிகாட்டி என்னிடம் வந்து நீச்சல் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் எல்லாரும் மண்ணுக்குள் இறங்கினார்கள், தண்ணீருக்குள் இறங்க அங்கே என்ன இருந்தது? வழிகாட்டி சிரித்துவிட்டு எனக்கு ஜாக்கெட்டை மாட்டி, கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் திணித்து, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தண்ணீருக்குள் இழுத்தார்.

முகத்தைத் தண்ணீரில் வைத்த கணம் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கீழே நீலமும் மஞ்சளுமாக மீன்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயின. ஒன்றுகூட என்னிடம் ஒப்ரேனா என்று கேட்கவில்லை. பாறையைக் கொறித்துக்கொண்டிருந்த பச்சை மீன் ஒன்று கொறிக்கிற சத்தம்கூடக் காதில் விழுந்தது. அப்போதுதான் ஆமை வந்தது. முறம் அளவு ஓடு. கிழவர் பூங்காவில் நடக்கிற மாதிரி, எந்த அவசரமும் இல்லாமல், எனக்கு நேர் கீழே வந்தது. நான் சட்டென்று இடது பக்கம் கையை நீட்டி, "பாரு, பாரும்மா!" என்றேன்.

இடது பக்கம் தண்ணீர்தான் இருந்தது. குழாயைப் பல்லால் கடித்திருக்கவேண்டிய வாயைத் திறந்து பேசியதால் கடல் முழுக்க என் தொண்டைக்குள் வந்துவிட்டது. வழிகாட்டி என்னைத் தூக்கி, முதுகைத் தட்டி, பயப்படாதீர்கள் என்றார். பயம் இல்லை ஐயா, பழக்கம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. நீச்சல் கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மறுபடி முகத்தை உள்ளே வைத்தபோது ஆமை வெகுதூரம் போயிருந்தது.

மத்தியானம் கரைக்கு வந்ததும் ஒரு முடிவோடு மீன் சந்தைக்குப் போனேன். அவளால் கடலுக்கு வர முடியாவிட்டால் என்ன, கடலிலிருந்து ஒன்றை அவளுக்குக் கொண்டுபோகலாம். மீன் விற்ற அம்மா வஞ்சிரத்தைப் பலகையில் போட்டுவிட்டு, "எஷ்டு ஜன?" என்றார். எத்தனை பேருக்கு என்று கேட்கிறார்.

"இப்ரு," என்றேன். இரண்டு பேர். சொல்லும்போதே நாக்குக்கு இதமாக இருந்தது.

துண்டு போட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொட்டி, ஓரத்தில் டீக்கடை அடுப்பிலிருந்து வாங்கிய ஒரு கரித்துண்டையும் வைத்தேன். மீனோடு பயணம் போனால் காத்து கருப்பு அண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனாலும் வைத்தேன். வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, உனக்கு வஞ்சிரம் வாங்கியிருக்கேன். இன்னிக்குப் புடிச்சது. நாளைக்கு டியூஷன் முடிச்சுட்டு நேரா வந்துடு."

"அப்பா," என்றாள் மெதுவாக. "பொரட்டாசிப்பா."

தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அம்மா வீட்டில் பெருமாள் மாதம் என்றால் முட்டைகூட உள்ளே வராது. நாங்கள் சேர்ந்திருந்த காலத்தில் புரட்டாசி ஒன்றாம் தேதி மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். ஐப்பசி ஒன்றாம் தேதிதான் அது இறங்கும். ஒரு மாதம் சாம்பாரா, மனுஷன் தின்பானா என்று வருஷா வருஷம் கத்துவேன். இப்போது கத்துவதற்கு ஆளில்லை, சட்டியை ஏற்றுவதற்கும் ஆளில்லை. எந்தத் தமிழ் மாதத்தில் இருக்கிறேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"நேத்தும் சாப்ட்டியா? பொரட்டாசி சனிக்கிழமையில?" என்றாள்.

"ரெண்டு பீஸ்."

"பாவி அப்பா!" என்று சிரித்தாள். பிறகு, "ஐப்பசி ஒண்ணாந்தேதி வர்றேன். அதுவரைக்கும் வெச்சிரு. நீ மட்டும் தின்னுடாத," என்றாள்.

ஐப்பசி ஒன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. எங்கள் ஏற்பாட்டில் சேராத நாள் அது. யாரும் ஒதுக்கித் தராத ஒரு நாளில் அவளாக வருகிறேன் என்று சொன்னது இந்த ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கெமிஸ்ட்ரிக்குப் பதில் பிசிக்ஸ் என்று ஏதாவது வந்து அதையும் கெடுத்துவிடக்கூடாதே என்பதுதான் அதன்பிறகு எனக்கு ஒரே கவலை.

வீட்டுக்கு வந்து துண்டுகளை ஃப்ரீசரில் அடுக்கினேன். திறந்தால் ஐஸ் உருகுமே என்று அதற்குப் பிறகு ஃப்ரீசர் கதவையே தொடவில்லை. மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவி அலமாரியின் தலைமேல் ஏற்றினேன். சாம்பார் வைத்தேன், ரசம் வைத்தேன், கத்திரிக்காய் வதக்கினேன். கேன்டீனில் முட்டையை வேண்டாம் என்றபோது, "என்னாண்ணா, திடீர்னு பக்தி முத்திடுச்சா?" என்று கேலி செய்தார்கள். பெருமாளுக்கும் எனக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. வைட்ஃபீல்டில் அவள் என்ன சாப்பிடுகிறாளோ அதையே அடுகோடியில் நானும் சாப்பிடுகிறேன் என்று நினைத்தால் சாம்பார் இறங்கியது, அவ்வளவுதான். வருகிறாயா என்று மறுபடி போன் செய்து கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

வந்தாள். ஐப்பசி ஒன்றாம் தேதி சாயங்காலம், டியூஷன் பையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தாள். புளி ஊற்றிக் குழம்பு வைத்திருந்தேன். நாலு துண்டு பொரித்தும் வைத்திருந்தேன். முதல் வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, ஐஸ் வாசனை வருது."

"வராம? எத்தனை நாளா கெடக்குது!"

"நீ நடுவுல எடுத்துச் சாப்பிடவே இல்லையா?"

"இல்ல. வேற கறி மீனும் சாப்பிடல."

"ஏன்?"

"நீ சாப்பிடல இல்ல?"

அவள் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "உன் ஃப்ரெண்ட்ஸ்லாம் என்ஜாய் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"எந்த ஃப்ரெண்ட்ஸ்?"

"அப்ப யார்கூடப் போனே?"

"ஒப்ரே," என்றேன். மூன்று நாள் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. குனிந்தபடியே சொன்னாள். "டெஸ்ட் எதுவும் இல்லப்பா. எனக்கு நீச்சல் தெரியாது."

"என்ன சொல்றே? நீ மீன்குஞ்சு..."

"நீதானே கூட்டிட்டுப் போவே? நீ போனப்பறம் யார் கூட்டிட்டுப் போவா? பாதியிலயே நின்னுடுச்சு. எங்க அபார்ட்மென்ட் பூல்ல நான் எறங்குனதே இல்ல. நீ எல்லார்கிட்டயும் மீன்குஞ்சு மீன்குஞ்சுன்னு சொல்லிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

ஏழு வருடமாக நான் மனதுக்குள் ஒரு குளத்தில் ஒரு பிள்ளையை நீந்தவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அம்மா போனில் ஏன் பேசாமல் இருந்தாள் என்பது இப்போது புரிந்தது.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன். "ஜாக்கெட் போட்டுத்தான் மெதக்க விட்டாங்க."

"உனக்கும் தெரியாதா? அப்ப எதுக்குப்பா கடலுக்குக் கூப்ட்டே?"

"நீ நீந்துறதைப் பாக்கலாம்னு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், குழம்பு காரமாகத்தான் இருந்தது. தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

"ஆமையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அதன் ஓடு, துடுப்பு, கண், அது நீந்திய அழகு எல்லாவற்றையும் அவளிடம் சொல்வதற்காக எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"தனியாத்தான் இருந்துச்சு," என்றேன்.

கீழே ஹாரன் அடித்தது. நான் வழக்கம்போல அவள் பையை எடுத்துக் கொடுக்க எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது ஹாரனும் அடித்தது. இடது கையால் போனை எடுத்தாள்.

"அம்மா, சாப்ட்டுட்டு இருக்கேன். இன்னும் முடியல, நேரமாகும்," என்றாள்.

அவள் தட்டு காலியாக இருந்தது.